தொலைவிலிருந்து சேர்ந்து கேட்பது – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் திருகோணமலை உவர்மலையில் வசிக்கிறேன். கோணேசபுரி வளாகத்தில் ஒன்றாகப் படித்த நண்பர்கள் நாங்கள் நால்வர். இப்போது ஒருத்தி மூதூரில் ஆசிரியையாக இருக்கிறாள், இன்னொருத்தி ரொறன்ரோவில் குடியேறிவிட்டாள், நண்பர் ஒருவர் டோஹாவில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் நேரப்படி இரவு ஏழரை மணிக்கு நால்வரும் கைத்தொலைபேசியில் இணைந்து ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்கிறோம்.

தொடக்கத்தில் வட்ஸ்அப் அழைப்பில் இருந்தபடி என் தொலைபேசிக்குப் பக்கத்தில் பாட்டைப் போட்டேன். மற்றவர்களுக்கு அது விட்டுவிட்டுத்தான் கேட்டது. பிறகு ரொறன்ரோத் தோழி, ஸ்பொட்டிபை என்ற பாட்டுச் செயலியில் பலர் ஒரே பாட்டைச் சேர்ந்து கேட்க உதவும் ‘ஜாம்’ வசதியைத் தொடங்கி எங்களை அழைத்தாள். மூதூர்த் தோழியிடம் அதற்குரிய சந்தா இல்லாததால் அவளால் சேர முடியவில்லை. பிடித்த பாட்டு வந்ததும் எல்லோரும் சேர்ந்து பாடத் தொடங்குகிறோம், ஆனால் இரண்டு வரிகளுக்குள் ஒருவர் முந்தியும் ஒருவர் பிந்தியும் போய்ப் பாட்டே குழம்பிவிடுகிறது. டோஹா நண்பர் பெரும்பாலும் பிந்தி, களைத்துப்போய்த்தான் வந்து சேர்கிறார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் மாமா, “இது சேர்ந்து கேட்பதே இல்லை, ஆளுக்கொரு காதொலிப்பானை மாட்டிக்கொண்டு தனித்தனியாகக் கேட்கிறீர்கள். எங்கள் காலத்தில் ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றி வீடே இருந்து கேட்டது” என்றார். அவர் சொல்வது சரிதானா ஐயா? இந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிட எனக்கு மனமில்லை.

அன்புடன்,
த., உவர்மலை

*

அன்புள்ள தங்கைக்கு,

சேர்ந்து பாடும்போது ஏற்படும் குழப்பத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனெனில் நீங்கள் கேட்ட மற்றவற்றுக்கான விடையும் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது. அந்தக் குழப்பத்துக்கு உங்கள் தொலைபேசியிலோ இணைய இணைப்பிலோ உள்ள குறை காரணமில்லை. திருகோணமலைக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே மிகக் குறுகிய வழியில் அளந்தாலும் ஏறத்தாழ 13,900 கிலோமீற்றர் தூரம் இருக்கிறது. இணையச் செய்திகளைக் கொண்டுசெல்லும் ஒளியிழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் வேகத்தில்தான் செல்லும் என்பதால், உங்கள் குரல் அந்தத் தோழியை அடைய மிகச் சிறந்த நிலையிலும் 70 மில்லிசெக்கன் (ஒரு மில்லிசெக்கன் என்பது செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆகும். கடலடி வடங்கள் நேர்வழியில் போடப்பட்டவை அல்ல. போதாததற்கு, குரலைச் சிறு துண்டுகளாக்கி அனுப்பவும் மறுமுனையில் அவற்றைச் சேர்த்து ஒலியாக்கவும் தொலைபேசிகளுக்கு நேரம் வேண்டும். ஆகவே உண்மையான தாமதம் இதைவிடப் பல மடங்காகவே இருக்கும். சேர்ந்து இசைப்பவர்களுக்கு இடையே 25 அல்லது 30 மில்லிசெக்கனுக்கு மேல் தாமதம் ஏற்பட்டாலே தாளம் பின்னுக்கு இழுபடத் தொடங்கிவிடும். காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் செல்வதால், நம் பத்திரகாளி அம்மன் கோவிலில் பத்து மீற்றர் இடைவெளியில் நின்று பஜனை பாடும் இருவருக்குள் இருக்கும் தாமதமே கிட்டத்தட்ட அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. ரொறன்ரோவிலிருப்பவரும் உவர்மலையிலிருப்பவரும் ஒரே தாளத்தில் பாடுவதற்கு இப்போதுள்ள எந்தச் செயலியாலும் வழிசெய்ய முடியாது. எவ்வளவு விலைகொடுத்து வாங்கிய தொலைபேசியானாலும் இதுதான் நிலை.

ஆனால் சேர்ந்து கேட்பதற்கு இந்தத் தடை இல்லை, ஏனெனில் ஜாம் போன்ற ஏற்பாட்டில் ஒருவருடைய தொலைபேசியிலிருந்து இன்னொருவருடைய தொலைபேசிக்குப் பாட்டு அனுப்பப்படுவதே இல்லை. எந்தப் பாட்டு, அதில் எந்த இடம், ஓடுகிறதா நிறுத்தப்பட்டிருக்கிறதா என்ற சிறு செய்திகள் மட்டுமே உங்களுக்குள் பரிமாறப்படுகின்றன. பாட்டை ஒவ்வொரு தொலைபேசியும் நிறுவனத்தின் வழங்கிக் கணினியிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால் உங்களுக்கும் ரொறன்ரோத் தோழிக்கும் இடையே அரைச் செக்கன் வேறுபாடு இருந்தாலும், அவரவர் அவரவருடைய பாட்டை மட்டுமே கேட்பதால், ஒருவருக்கும் அது தெரியவராது. மற்றவரின் குரல் உள்ளே வரும்போதுதான் அந்த வேறுபாடு வெளிப்படுகிறது. ஆகவே பாட்டு ஓடும்போது நால்வரும் ஒலிவாங்கியை நிறுத்திவிடுங்கள். பாட வேண்டும் என்று தோன்றினால் அவரவர் அறையில் வாய்விட்டுப் பாடுங்கள், அப்படிப் பாடினால் யாரும் யாரையும் இழுத்து விழுத்தப்போவதில்லை. பாட்டு முடிந்ததும் ஒலிவாங்கியைத் திறந்து ஆறுதலாகப் பேசுங்கள். பாட்டின் மேலேயே பேசிக்கொண்டிருக்கும் பழக்கத்தைவிட, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே பேசும் இந்த ஒழுங்கு உங்களுக்கு மிகப் பிடித்துப்போகும் என்று நம்புகிறேன்.

வட்ஸ்அப் அழைப்பில் பாட்டு விட்டுவிட்டுக் கேட்டதற்குக் காரணம் வேறு. அழைப்புகள் மனிதப் பேச்சுக்காக அமைக்கப்பட்டவை. பேச்சல்லாத தொடர் ஒலியை இரைச்சல் என்று கருதி அடக்குவதும், ஒலிபெருக்கியிலிருந்து திரும்பி வரும் ஒலியை எதிரொலி என்று நீக்குவதும் அவற்றின் வேலை. நாதசுவரத்தையும் மின்விசிறியின் சத்தத்தையும் அவை ஒன்றுபோலவே நடத்தக்கூடும். அந்த வழிக்கு மீண்டும் போக வேண்டாம்.

மூதூர்த் தோழியின் நிலைதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. 2023 செப்டெம்பரில் அறிமுகமான ஜாமில் 32 பேர் வரை சேரலாம், ஆனால் தொடங்குபவரிடம் கட்டணச் சந்தா இருக்க வேண்டும். சந்தா இல்லாதவர் அதே இடத்தில் உடனிருந்தால் சேரலாமே தவிர, தொலைவிலிருந்து சேர்வதற்கு ஒவ்வொருவருக்கும் சந்தா வேண்டும். நண்பர்கள் நால்வரில் ஒருவரை வெளியே நிறுத்திவிட்டு மூவர் கேட்பதைச் சேர்ந்து கேட்பது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு நீங்கள் சந்தா கட்டிக்கொடுக்கலாம் என்று தோன்றியிருக்கும், ஆனால் மாதாமாதம் ஒருவரின் தயவில் பாட்டுக் கேட்கும் நிலையில் ஒரு தோழியை வைப்பதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

ஜாமை விட்டுவிட்டு இப்படிச் செய்து பாருங்கள். குழு அழைப்பைப் பேச்சுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பாடல்களின் பட்டியலை முதல் நாளே நால்வருக்கும் அனுப்பிவிடுங்கள். பாடல் உரிமைகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் இங்கே கிடைக்கும் பாட்டுக் கட்டாரில் கிடைக்காமல் போகலாம், அதைத் தேடிப் பார்க்க எல்லோருக்கும் அவகாசம் வேண்டும். ஒருவர் யூடியூபிலும் இன்னொருவர் ஸ்பொட்டிபையிலும் மற்றொருவர் தொலைபேசியில் முன்பே சேமித்து வைத்ததிலும் அதே பதிவை எடுத்துக்கொள்ளலாம். விளம்பரம் வந்தால் அது முடியும்வரை காத்திருந்து, பாட்டை அதன் தொடக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, மூவரும் ஆயத்தம் என்றதும் நீங்கள் மூன்று எண்ணுங்கள், எல்லோரும் ஒரேயடியாகத் தொடங்கட்டும். அரைச் செக்கன் முன்பின்னாக இருப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது என்பதை மேலேயே சொல்லிவிட்டேன். டேட்டாவைப் பற்றியும் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை: செக்கனுக்கு 160 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்க ஏறத்தாழ 72 மெகாபைட் போதும், 96 கிலோபிட் என்றால் 43 மெகாபைட். காணொளியாகப் பார்த்தால்தான் றீலோட் போட்ட காசு விரைவில் கரையும்.

விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்கு வந்து உப்புவெளிக் கடற்கரையில் ஒன்றாக இருக்க வாய்த்தால், ஆளுக்கொரு தொலைபேசியில் ஒரே பாட்டைப் போட்டுப் பார்க்காதீர்கள். தொலைவில் தெரியாத அதே வேறுபாடு பக்கத்தில் எதிரொலியாகக் காதைக் குடையும். ஒரே ஒலிபெருக்கி போதும், அதுவும் அடுத்த பாயில் இருப்பவர்களுக்குக் கேட்காத அளவில்.

இனி உங்கள் மாமா சொன்னதற்கு வருகிறேன். ஒரு பெட்டியைச் சுற்றி வீடே இருந்து கேட்ட அந்த அனுபவம் மெய்யானது, அதை இழந்ததாக அவர் வருந்துவதை நான் முழுமனத்துடன் மதிக்கிறேன். ஆயினும் அவர் கேட்ட வானொலியை ஒரு கூடத்துக்குள் நடந்த ஒன்றாக மட்டும் நினைக்க முடியாது. 1925 டிசம்பரில் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு இலங்கை வானொலியாக வளர்ந்தபோது, அதன் தமிழ் ஒலிபரப்பைப் பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் ஆவலோடு கேட்டார்கள். நேயர்கள் தபாலட்டையில் விரும்பிக் கேட்ட பாட்டை ஒலிபரப்புவதற்கு முன் அவர்களுடைய பெயர்களையும் ஊர்களையும் அறிவிப்பாளர் வாசிப்பார். திருகோணமலையில் ஒரு கூடத்தில் இருந்தவருக்கு, தான் ஒருநாளும் காணப்போகாத ஊர்களில் முகமறியாத பலர் அதே கணத்தில் அதே பாட்டுக்குக் காத்திருக்கிறார்கள் என்பது தெரியும், அந்த அறிவும் பாட்டின் இன்பத்தில் சேர்ந்தது. ஜெர்மனியின் டொய்ச்ச வெல்லே வானொலி பல ஆண்டுகளாகத் தன் நிகழ்ச்சிகளை ஆசிய நாடுகளுக்கு மறு ஒலிபரப்புச் செய்த நிலையம் நம் திருகோணமலையில்தான் இயங்கியது என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். தொலைவிலிருப்பவரோடு சேர்ந்து கேட்பது நம் ஊருக்கு அந்நியமான பழக்கமன்று.

வானொலியிடம் இருந்த, தொலைபேசியிடம் இல்லாத ஒன்றைத்தான் மாமாவின் சொல்லிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கருதுகிறேன். வானொலியில் பிடிக்காத பாட்டைத் தள்ள முடியாது. அண்ணனுக்குப் பிடித்ததை அம்மாவும், அம்மாவுக்குப் பிடித்ததைத் தம்பியும் முடியும்வரை கேட்டார்கள். அப்படிக் கேட்டுத்தான் ஒருவர் சுவை இன்னொருவருக்குப் பழகியது. இன்று தனியே கேட்கும்போது முன்னிசை முடிவதற்குள்ளேயே விரல் அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறது. உங்கள் ஒரு மணி நேரத்தில் அந்த உரிமையை நால்வரும் விட்டுக்கொடுங்கள். வாரத்துக்கு ஒருவர் என்று முறைவைத்து, அந்த வாரத்துப் பட்டியல் முழுவதையும் அவரே தெரிவு செய்யட்டும். மற்ற மூவரும் ஒரு பாட்டையும் தள்ளாமல் கடைசி வரை கேட்கட்டும். டோஹாவில் வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் நண்பர் இந்தப் பாட்டை ஏன் தெரிவு செய்தார் என்ற கேள்வி, அதைக் கேட்டு முடித்த பிறகுதான் உங்களுக்குள் எழும். அவரைப் பற்றி நீங்கள் அறியாத ஏதோ ஒன்றை அது சொல்லவும் கூடும். ஒருவர் மற்றவருக்காகப் பொறுமையாக ஒரு பாட்டைக் கேட்டு முடிப்பதைத்தான் நான் சேர்ந்து கேட்பது என்கிறேன், அது ஒரு கூடத்தில் நடந்தாலும் நான்கு ஊர்களில் நடந்தாலும்.

பாட்டைக் கடைசி வரை கேட்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது, அதையும் சொல்லாமல் விட மனம் கேட்கவில்லை. ஸ்பொட்டிபையில் 30 செக்கனாவது ஓடிய பாட்டுத்தான் கேட்கப்பட்டதாகக் கணக்கில் சேரும். 2024 முதல், பன்னிரண்டு மாதங்களில் 1,000 தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே உரிமத்தொகை கிடையாது. வீட்டறையில் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றும் நம் கிழக்கு மாகாண இளைஞர்களுக்கு அந்த ஆயிரம் சிறிய எண்ணிக்கையன்று. உங்கள் பட்டியலில் ஒவ்வொரு முறையும் அப்படியானவர்களின் ஒரு பாட்டுக்காவது இடம் கொடுங்கள். உங்களில் ஸ்பொட்டிபையில் கேட்பவர்களின் தொலைபேசிகளில் தனித்தனியாக ஓடும் பாட்டு அங்கே தனித்தனியாகவே எண்ணப்படும்.

கடைசியாக நேரம். கட்டாரில் ஞாயிற்றுக்கிழமை வேலைநாள், உங்கள் நண்பர் களைத்து வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அங்கே வெள்ளி எல்லோருக்கும் விடுமுறை, ஆனால் அன்று உங்களுக்கும் ரொறன்ரோத் தோழிக்கும் வேலையிருக்கும். சனிக்கிழமை அவருடைய நிறுவனத்திலும் விடுமுறைதானா என்று கேட்டுப் பாருங்கள். ஆமென்றால் நால்வருக்கும் பொருந்தும் நாள் அதுதான். நம் ஏழரை மணி டோஹாவில் மாலை ஐந்து மணி, ரொறன்ரோவில் கோடையில் காலை பத்து மணி. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்புவதால், அதன் பிறகு மார்ச் வரை அந்தத் தோழி ஒன்பது மணிக்கே ஆயத்தமாக இருக்க வேண்டும். திருகோணமலை நேரத்தையே நிலையாக வைத்துக்கொண்டு, அந்த மாற்றத்தை அவருக்கு முன்கூட்டியே நினைவூட்டிவிடுங்கள்.

அன்புடன்.