பல வகைகளைக் கலந்து செய்த வீடியோ கேம்களில் உங்களுக்குப் பிடித்தது எது, ஏன்?

டேவ் தி டைவர். அதற்கு அடுத்து டிரெட்ஜ். இரண்டும் மீன் பிடிக்கிற கேம் என்பதால் ஊர்ப்பாசத்தில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் பாம்பனில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பகல் முழுக்க மீன் நாற்றத்திலேயே இருந்துவிட்டு, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து மறுபடியும் மீன் பிடிக்கிறேன் என்றால் அந்த கேமில் ஏதோ விஷயம் இருக்கத்தான் வேண்டும்.

டேவ் தி டைவர் 2023-இல் வந்தது. செய்தவர்கள் தென் கொரியாவின் மின்ட்ராக்கெட். டேவ் என்கிற குண்டு மனிதர் பகலில் ஒரு பெரிய கடற்பள்ளத்தில் குதித்து ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடிப்பார். ராத்திரி அதே மீனை வைத்து சுஷி கடை நடத்துவார். கடலுக்குள் இருக்கும்வரை அது சாகச கேம். கடை திறந்ததும் மெனு போடுவது, தேநீர் ஊற்றுவது, வேலைக்கு ஆள் எடுப்பது என்று நிர்வாக கேம். இப்படிச் சொன்னால் இரண்டு கேமை ஒட்டுப்போட்டு விற்கிறார்கள் என்றுதான் தோன்றும். விளையாடிப் பார்த்தால் ஒட்டு எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாது.

காரணம் ஆக்சிஜன். தண்ணீருக்குள் அதுதான் உங்கள் உயிர். சும்மா நின்றாலும் குறையும், சுறா கடித்தாலும் குறையும். தீர்ந்துபோனால் பிடித்ததையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு பொருளோடு மேலே வர வேண்டும். பையில் எடை கூடினால் நீந்தும் வேகம் குறைந்துவிடும். இப்போது கொஞ்சம் ஆக்சிஜன்தான் மிச்சம், கண்ணுக்கு எதிரே ஒரு பெரிய சூரை மீன் போகிறது என்று வையுங்கள். அந்த நேரத்தில் உங்கள் மூளையில் ஓடுவது சண்டைக் கணக்கு கிடையாது, கடைக் கணக்கு. இன்றைக்கு மெனுவில் என்ன போட்டோம், இந்த மீன் இல்லாமல் ராத்திரி ஓட்ட முடியுமா, மேலே போய்விட்டு அடுத்த முறை வரலாமா? பிடித்தது நிறைய என்று அளவுக்கு மீறிச் சமைத்து வைத்தாலும் வம்பு, விற்காமல் நின்றது வீணாகப் போகும்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மீனை எப்படிப் பிடித்தீர்கள் என்பதைப் பொறுத்து அதன் தரம் மாறும். துப்பாக்கியால் சுட்டுக் கொன்ற மீனுக்கு மதிப்பு குறைவு. வலையிலோ மயக்க ஊசியிலோ உயிரோடு பிடித்தால் மதிப்பு கூடும். தூண்டிலில் வந்த மீனுக்கும் இழுவலையில் நசுங்கி வந்த மீனுக்கும் ஒரே விலை போட்டால் எங்கள் ஏலத்தில் அடிதடியே வந்துவிடும். நண்டு உயிரோடு இருந்தால் ஒரு விலை, செத்துப்போனால் இன்னொரு விலை. சண்டை போடுகிற பாதிக்கும் கடை நடத்துகிற பாதிக்கும் நடுவில் இந்தத் தரம் என்கிற ஒரு கயிற்றைக் கட்டிவிட்டார்கள். அவ்வளவுதான் வித்தை.

நல்ல கலவைக்கு நான் வைத்திருக்கிற அளவுகோல் இதுதான். ஒரு பாதியில் எடுத்த முடிவு இன்னொரு பாதியில் வலிக்க வேண்டும். வலிக்கவில்லை என்றால் அது பக்கத்துப் பக்கத்தில் வைத்த இரண்டு கேம்.

டேவிலும் குறை உண்டு. முதல் பாதியில் கச்சிதமாக இருக்கிற கேம், போகப் போக விவசாயம், மீன் பண்ணை, ஒளிந்து ஒளிந்து போகிற கட்டம், கடல் குதிரைப் பந்தயம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்துக்கொண்டே போகும். பந்தயத்தில் விட கடல் குதிரையை வலை போட்டுப் பிடிக்க வேண்டும். மன்னார் வளைகுடாப் பக்கம் அதைச் செய்தால் வனத்துறை வழக்குப் போடும், 2001-லிருந்து அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம். அது கிடக்கட்டும். பந்தயத்தில் ஜெயித்தாலும் தோற்றாலும் அன்று ராத்திரி கடையில் பெரிய மாற்றம் எதுவும் வராது என்பதுதான் என் புகார். கயிறு கட்டாமல் விட்ட இடம் அது.

டிரெட்ஜ் இந்த விஷயத்தில் ரொம்ப கறார். நியூசிலாந்தின் பிளாக் சால்ட் கேம்ஸ் செய்தது, அதுவும் 2023. ஆரம்பத்தில் உங்கள் படகு உடைந்து ஒரு தீவில் ஒதுங்குகிறீர்கள். ஊர்த் தலைவர் வேறு படகு கொடுக்கிறார், ஆனால் கடனாக. மீன் விற்கிற காசில் அதை அடைக்க வேண்டும். என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி, விசைப்படகில் போகிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் வேலை இல்லாமல் என் வீட்டில்தான் கிடப்பான். இந்த இடத்தைப் பார்த்ததும், "அண்ணே, இது உங்க கம்பெனி கதையால்ல இருக்கு. முன்பணம் குடுத்தவன் வச்சதுதான் வெலை" என்றான். நான் பதில் சொல்லவில்லை. கணக்கு எழுதுகிறவன் என்ன பதில் சொல்வது.

இந்த கேமில் படகின் உள்ளறை கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு மீனும் ஒவ்வொரு வடிவம், திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும். இன்ஜின், தூண்டில், விளக்கு எல்லாம் அதே கட்டங்களில்தான் இடம் பிடிக்கும். அதாவது பெரிய இன்ஜின் வாங்கினால் சரக்குக்கு இடம் குறைவு. பாறையில் மோதினால் ஒரு கட்டம் உடையும், அதில் இருந்த மீன் போய்விடும். பிடித்த மீன் நாளாக நாளாகப் பதம் கெட்டு விலை இறங்கும். இதுவரைக்கும் இது அமைதியான, அடுக்கி விளையாடுகிற புதிர் கேம். பொழுது சாய்ந்ததும் திகில் கேம் ஆகிவிடும். இருட்டில் பயம் ஏறிக்கொண்டே போகும், பயம் ஏறினால் பகலில் இல்லாத பாறையெல்லாம் எதிரே முளைக்கும். தூங்கினால்தான் தெளியும்.

படகு நகர்ந்தாலோ மீன் பிடித்தாலோதான் நேரம் ஓடும், சும்மா நின்றால் நேரமும் நிற்கும். ஆக எவ்வளவு இருட்டில் மாட்டிக்கொள்கிறீர்கள் என்பது முழுக்க உங்கள் பேராசையைப் பொறுத்தது. ராத்திரி மட்டும் கிடைக்கிற மீனும் உண்டு, விகாரமாகிப்போன மீனுக்கு விலையும் கூட. துறைமுகம் பக்கத்திலேயே தெரியும்போது "இன்னும் ஒரு பாடு பார்த்துவிடலாம்" என்று நினைப்பீர்களே, அங்கேதான் திகிலும் வியாபாரமும் சேர்கிறது. பேயை வைத்துப் பயம் காட்டுகிற கேம் ஆயிரம் இருக்கிறது, லாபக் கணக்கை வைத்துப் பயம் காட்டியது எனக்குத் தெரிந்து இதுதான்.

இதெல்லாம் புதுசு என்று சொல்லவில்லை. 1990-இல் சூப்பர் நின்டெண்டோ என்கிற கேம் கருவிக்கு ஆக்ட்ரைசர் என்று ஒரு ஜப்பானிய கேம் வந்தது. நீங்கள் கடவுள். இறங்கி வந்து வாள் வீசி அரக்கர்களைக் கொல்ல வேண்டும், பிறகு மேலே இருந்து அந்த ஊரை வளர்க்க வேண்டும். ஊரில் ஜனத்தொகை பெருகினால் அடுத்த சண்டையில் உங்கள் பலமும் கூடும். 1993-இல் இரண்டாம் பாகம் போட்டவர்கள் ஊர் வளர்க்கிற பாதியைத் தூக்கிவிட்டு வெறும் சண்டையை வைத்தார்கள். முதல் பாகத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள், 2021-இல் புதுப்பித்தும் வெளியிட்டார்கள். இரண்டாவதை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு.

2007-இல் வந்த பசில் குவெஸ்டும் இந்த ரகம். ஒரே நிற மணிகளை மூன்று மூன்றாகச் சேர்க்கிற விளையாட்டு எல்லோருக்கும் தெரியும். அதை அரக்கனோடு சண்டையாக மாற்றினார்கள். நீங்களும் அரக்கனும் ஆடுவது ஒரே பலகையில். நீங்கள் விட்டுவைத்த மணியை அவன் எடுத்துக்கொள்வான். அந்த ஒரே ஒரு விதி இல்லையென்றால் அது பஸ்ஸில் பொழுதுபோக்குகிற கேமோடு நின்றிருக்கும்.

ஸ்லே த ஸ்பயர் பற்றிச் சொல்லாமல் விட்டால் பின்னூட்டத்தில் திட்டுவீர்கள். சீட்டுக்கட்டு சேர்க்கிற கேமையும் ரோக்லைக் வகையையும் கலந்தது, 2019-இல் முழுசாக வெளிவந்தது. 1980-இல் வந்த ரோக் என்கிற கேமிலிருந்து வந்த வகைதான் ரோக்லைக். செத்தால் முதலிலிருந்து, ஒவ்வொரு முறையும் பாதை வேறு. ஸ்பயரில் சண்டை மாறி மாறி முறை வைத்து நடக்கும், எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்று முன்கூட்டியே காட்டிவிடுவார்கள். முறை வைத்து ஆடுவது எங்களுக்குப் புதிதில்லை. பாக் நீரிணையில் வாரத்துக்கு மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று கடலே அப்படித்தான் ஓடுகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜெயித்தால் புதுச் சீட்டு கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லப் பழக வேண்டும். கட்டு பருத்தால் தேவையான சீட்டு தேவையான நேரத்தில் கைக்கு வராது. வழக்கமான சாகச கேமில் பரிசு என்றால் வாங்கிப் போட்டுக்கொள்வோம், இதில் பரிசே பாரம் ஆகலாம். இரண்டு வகையும் தனித்தனியாக இருந்தபோது இந்தத் தவிப்பு இவ்வளவு கூர்மையாக இருந்ததில்லை.

தாளத்தையும் ரோக்லைக்கையும் கலந்த கிரிப்ட் ஆஃப் தி நெக்ரோடான்சர் 2015. பாட்டின் அடிக்கு ஓர் அடி வைக்க வேண்டும், எதிரிகளும் அதே அடிக்குத்தான் நகர்வார்கள். கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதைப் பழக நேரமாகாது. கணினியில் நம் பாட்டையே போட்டும் ஆடலாம். காரில் கால்பந்து ஆடுகிற ராக்கெட் லீகைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, ஒரு ஆட்டம் ஆடினால் தானாகப் புரியும்.

ஒட்டாமல் போனதற்கு உதாரணம் ஸ்போர், 2008. ஒற்றை உயிரணுவாக ஆரம்பித்து, விலங்காகி, கூட்டமாகி, நாடாகி, கடைசியில் விண்வெளிக்குப் போகலாம். ஐந்து கட்டம், ஐந்தும் வேறு வேறு வகை கேம். கேட்கும்போது வாயைப் பிளக்க வைக்கும். ஆனால் முந்தைய கட்டத்தில் நீங்கள் பட்ட பாடு அடுத்ததில் லேசான ஒரு சாயலாகத்தான் வந்து சேரும். உயிரினத்தை வடிவமைக்கிற பகுதி மட்டும் அபாரம், அதற்காகவே வாங்கலாம்.

அப்புறம், எல்லா கேமிலும் இப்போது அனுபவப் புள்ளியும் லெவலும் வைத்துவிடுகிறார்கள். கார் ஓட்டுகிற கேமில் லெவல் ஏறுகிறது என்பதற்காக அதைக் கலவை என்று சொல்ல எனக்கு மனசில்லை. அது ஆளை மறுபடி மறுபடி வரவைக்கிற ஏற்பாடு. அதே நேரம் "எனக்கு இந்தக் கலவையெல்லாம் வேண்டாம், துப்பாக்கி கேம் போதும்" என்று தம்பி சொன்னபோது சிரிப்புதான் வந்தது. அவன் ஆடுகிற பேட்டில் ராயலில் (கடைசிவரை உயிரோடு நிற்பவன் ஜெயிக்கிற கேம்) பை நிறையப் பொருள் பொறுக்குவது உயிர்பிழைக்கிற வகை, சுடுவது இன்னொரு வகை, சுருங்கிவருகிற வட்டம் இரண்டையும் சேர்த்து இறுக்குகிறது. பொறுக்கப் போனால் வட்டத்துக்கு வெளியே மாட்டுவான். நான் சொன்ன அளவுகோலுக்கு அச்சாகப் பொருந்துகிறது.

கணினி இல்லாதவர்களுக்கு: ஸ்லே த ஸ்பயர், டெட் செல்ஸ், ஸ்டார்டூ வேலி, பலாட்ரோ நான்கும் போனில் கிடைக்கின்றன. ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் வேண்டாம், கடலுக்குப் போகிற பையன்களுக்கு இது பெரிய விஷயம். கொஞ்ச தூரம் போனாலே சிக்னல் போய்விடும். பலாட்ரோ 2024-இல் வந்தது, போக்கர் சீட்டை ரோக்லைக்கோடு கலந்தது. நிஜக் காசு வைத்து ஆடுவது இதில் கிடையாது. ஆனாலும் திரையில் சீட்டைப் பார்த்தால் வீட்டில் யாரும் விளக்கம் கேட்கும்வரை பொறுக்க மாட்டார்கள், அம்மா இல்லாத நேரமாகப் பார்த்துத் திறங்கள்.

லேப்டாப் இருந்தால் டிரெட்ஜில் தொடங்குங்கள், சின்ன கேம், சீக்கிரம் முடிந்துவிடும். டேவ் நீளம் அதிகம், அதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஸ்டீம் என்கிற இணையக் கடையில் தள்ளுபடி வரும்வரை காத்திருந்து வாங்கலாம். டிரெட்ஜை ராத்திரி ஹெட்போன் போட்டு ஆடுவது நல்லது, தொழில் தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "வலையை இப்பிடியா விடுவான், காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்தானா" என்று தம்பி குறை சொல்லிக்கொண்டே இருந்ததில் எனக்கு முதல் ராத்திரி பயமே வரவில்லை.