கேளுங்கள், சொல்கிறேன்: ரேஷன் வரிசையில் யார் நிற்கலாம்?

கேள்வி (வாசகர், ஈரோடு): எங்கள் தெரு ரேஷன் கடைக்கு ஒருவர் காரில் வந்து அரிசி வாங்கிப் போகிறார். அது மாவு மில்லுக்குப் போகிறது என்று ஊருக்கே தெரியும். ஏழைகளுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டால் என்ன?

பதில்: ஆக்கிப் பார்த்தாயிற்று சார். 1997-இல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று அட்டைகளைப் பிரிக்கச் சொன்னது. தமிழ்நாடு மசியவில்லை, எல்லாருக்கும் ரேஷன் என்றே நின்றது. பிரித்த இடங்களில் என்ன நடந்தது என்றால், பட்டியல் எழுத வந்தவருக்கு வேண்டியவர் பெயர் ஏறியது, அன்றைக்குக் கூலிக்குப் போயிருந்தவள் பெயர் விட்டுப்போனது. கார்க்காரர் உள்ளே நுழைவது எரிச்சல்தான், எனக்கும் எரிகிறது. ஆனால் விடுபட்ட குடும்பம் அந்த மாதம் கஞ்சிக்கு எங்கே போகும்? எனக்கு இரண்டாவது தப்புதான் பெரிதாகத் தெரிகிறது.

2013-இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டமும் நாடு முழுவதற்கும் சேர்த்து கிராமத்தில் 75 சதவீதம், நகரத்தில் 50 சதவீதம் பேர் வரைக்கும் என்றுதான் கோடு போட்டது. தமிழ்நாடு 2016 நவம்பரில் அதில் சேர்ந்தபோதும், கோட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஆகும் செலவைத் தானே ஏற்றுக்கொண்டு பழைய முறையைத் தொடர்ந்தது. அப்புறம், வாத்தியாரும் பேங்க்காரரும் நிற்கிற வரிசையில் புழுத்த அரிசியைப் போட்டால் சத்தம் வரும். இல்லாதவர்கள் மட்டும் நிற்கிற வரிசையில் போட்டால் வராது. மில்லுக்குப் போகிற அரிசிக்கு 1967 என்ற ரேஷன் புகார் எண்ணுக்குப் போன் செய்யுங்கள், அது கடத்தல் கணக்கு. அரிசியே வேண்டாம் என்பவர்களுக்குச் சர்க்கரை அட்டை இருப்பதையும் அந்தக் கார்க்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

கேள்வி (வாசகர், மதுரை): பள்ளியில் காலைச் சாப்பாடும் போட ஆரம்பித்துவிட்டார்கள். அம்மாக்கள் சோம்பேறி ஆகிவிட மாட்டார்களா?

பதில்: உங்கள் ஊரில்தான் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கினார்கள், அடுத்த ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. அந்த உப்புமாவையும் பொங்கலையும் பொழுது விடியும் முன்னே எழுந்து வந்து கிண்டுவது யார் தெரியுமா? மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள், அதாவது நீங்கள் சொல்லும் அதே அம்மாக்கள்.

கேள்வி (வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்): எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஏழெட்டு இருளர் குடும்பங்கள். பாதி வருஷம் செங்கல் சூளை, மீதி இங்கே. பல பேருக்கு அட்டையே இல்லை. அவ்வப்போது அரிசி கொடுக்கிறோம். வேறென்ன செய்யலாம்?

பதில்: மேலே பெருமையாக 'எல்லாருக்கும்' என்று எழுதினேனே, உங்கள் கடிதத்தைப் படித்ததும் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது அம்மா. அட்டைக்கு ஆதார் வேண்டும், ஆதாருக்கு முகவரி வேண்டும், புறம்போக்கில் குடிசை போட்டவரிடம் கரண்டு பில் ஏது? ஒவ்வொரு ஆபீஸும் அடுத்த ஆபீஸைக் கை காட்டும், ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகும்.

அதனால் ஒரே நாளில் எல்லாரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்கப் பாருங்கள்: வி.ஏ.ஓ., வட்ட வழங்கல் அலுவலர், ஆதார் எடுக்கிறவர், பழங்குடியினருக்காக வேலை செய்யும் உள்ளூர் அமைப்பு ஒன்று. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை வட்ட அளவில் ரேஷன் குறைதீர் முகாம் நடக்கும். அவர்களை மட்டும் அனுப்பாதீர்கள், பள்ளித் தலைமையாசிரியரோ ஊராட்சித் தலைவரோ கூடப் போனால் நாற்காலி கிடைக்கும், பதிலும் கிடைக்கும் (இப்படித்தான் இருக்கிறது, என்ன செய்ய). மனுவில் அந்தியோதயா அட்டை (ரொம்பவும் ஏழைக் குடும்பங்களுக்கானது) என்று பெயர் சொல்லியே கேளுங்கள், அதற்கு மாதம் 35 கிலோ அரிசி.

சூளையில் இருக்கும் மாதங்களுக்கும் வழி உண்டு. 2020 அக்டோபரிலிருந்து மாநிலத்துக்குள் எந்தக் கடையிலும் வாங்கலாம். 'இந்தக் கடை அட்டை இல்லையே' என்று திருப்பி அனுப்பினால் அதற்கும் அதே 1967-தான். மண் பிசைந்து விரல் ரேகை தேய்ந்திருந்தால் கருவிழிப் பதிவு இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். முன்பணத்துக்கு ஈடாக அட்டையைச் சூளைக்காரரிடம் கொடுக்கவே வேண்டாம் என்பதையும் அழுத்திச் சொல்லுங்கள்.

அட்டை வரும்வரை சின்னக் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அங்கன்வாடியில் சேர்த்துவிடுங்கள், சத்துமாவாவது கிடைக்கும். எதுவானாலும் பொங்கலுக்கு முன்னால் ஓடுங்கள், அப்புறம் ஏரிக்கரையில் ஆள் இருக்க மாட்டார்கள்.