டைனோசர் பெயர்கள் போதும், இனி துப்புத் துலக்கட்டும்

கேள்வி: பேரனுக்கு ஐந்து வயது, பேத்திக்கு ஏழு. பகல் முழுக்க இருவரும் என் பொறுப்பில்தான். பேரனுக்கு டைனோசர் என்றால் பைத்தியம். என் வாயில் நுழையாத பெயர்களையெல்லாம் மூச்சு விடாமல் சொல்கிறான், ஆனால் "தாத்தா, நீங்க சின்னப் பையனா இருந்தப்போ டைனோசரைப் பார்த்தீங்களா?" என்றும் கேட்கிறான். எலும்பு தோண்டும் விளையாட்டுப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தோம், அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் உடைத்தெடுத்துவிட்டு மூலையில் போட்டுவிட்டான். டேப்லெட்டில் டைனோசர்கள் சண்டை போடும் விளையாட்டு மட்டும் அலுப்பதே இல்லை. பேத்தியோ, விண்கல் விழுந்து எல்லாம் செத்துப்போன கதையைக் கேட்டதிலிருந்து இரவில் பயப்படுகிறாள். நான் கணக்கு எழுதியே காலம் தள்ளியவன், அறிவியல் படித்தவன் இல்லை. இதையெல்லாம் விளையாட்டாகவே சொல்லிக்கொடுக்க வழி இருக்கிறதா?

பதில்: ஐயா, பெயர் சொல்லிக்கொடுக்கும் வேலை உங்களுக்கு மிச்சமே இல்லை, அதைப் பேரன் தானாகவே பார்த்துக்கொள்கிறான். நீங்கள் கையில் எடுக்க வேண்டியது ஒரே ஒரு கேள்விதான்: "அது எப்படித் தெரியும்?" பெரிய டைனோசர்களை உயிரோடு பார்த்த மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. நமக்குத் தெரிந்ததெல்லாம் கல்லாகிப்போன எலும்பு, பல், முட்டை, காலடித் தடம், சாணம் இவற்றை வைத்துக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தவை. ரசீது இல்லாமல் ஒரு செலவையும் பேரேட்டில் ஏற்றாதவர் நீங்கள், புதைபடிவம் என்பது அந்த ரசீதுதான். அறிவியல் படிக்கவில்லை என்ற கவலையை விடுங்கள், இந்த வேலைக்கு வேண்டிய குணம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அந்தத் தோண்டும் பெட்டி ஏன் அரை மணியில் அலுத்தது? உள்ளே என்ன இருக்கிறது என்று அட்டையிலேயே படம் போட்டிருக்கும், எலும்புகள் ஒன்று குறையாமல் இருக்கும், உடைத்தால் வேலை முடிந்தது. நிஜத்தில் அப்படிக் கிடைப்பது மிக அரிது. 1990-இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் கிடைத்த 'சூ' என்ற டைரனோசாரஸ் எலும்புக்கூட்டில் ஏறக்குறைய 90 சதவீதம் இருந்தது, அதையே உலகம் முழுக்க அதிசயமாகப் பேசினார்கள். பெரும்பாலும் ஒரு பல்லோ, முதுகெலும்பில் ஒரு துண்டோதான் அகப்படும். அதனால் மூலையில் கிடக்கும் அந்த எலும்புகளை நீங்களே எடுத்து, இரண்டு மூன்றை ஒளித்து வைத்துவிட்டு, மீதியை ஒரு தொட்டி மணலில் புதையுங்கள். வேறொரு பொம்மையின் துண்டு ஒன்றையும் உள்ளே கலந்துவிடுங்கள். மணல்மேல் குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டிக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எது கிடைத்தது என்று பேத்தி ஒரு தாளில் வரையட்டும், பேரன் தூரிகையால் மணலைத் தள்ளட்டும். நிஜமாகத் தோண்டுகிறவர்களும் இப்படித்தான் இடத்தைக் குறித்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் எலும்பு எங்கே, எதன் பக்கத்தில், எந்த அடுக்கில் கிடந்தது என்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது. எலும்பை எடுத்துவிட்டால் அது கிடந்த இடத்தை அப்புறம் தெரிந்துகொள்ள வழி இல்லை.

அப்புறம் பொருத்தச் சொல்லுங்கள். தப்பாகப் பொருத்துவார்கள். திருத்தாதீர்கள், இது ரொம்ப முக்கியம். "ஏன் அங்கே வைத்தாய்?" என்று மட்டும் கேளுங்கள். இக்வனடான் என்ற டைனோசரை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்த கிடியன் மான்டல், கூம்பு வடிவ எலும்பு ஒன்றை அதன் மூக்கின்மேல் கொம்பாக வைத்து வரைந்தார். 1878-இல் பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் முழு எலும்புக்கூடுகள் கூட்டமாகக் கிடைத்தபோதுதான் அது கொம்பில்லை, கட்டைவிரல் முள் என்று ஆயிற்று. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, ஒளித்து வைத்திருந்த எலும்பை மறுநாள் எடுத்துக் கொடுங்கள். முன்பு செய்த முடிவை அவர்களே கலைத்துவிட்டு மறுபடி பொருத்துவார்கள். புது எலும்பு வந்தால் பழைய முடிவை மாற்றலாம் என்று ஐந்து வயதிலேயே ஒரு பிள்ளைக்குக் கையோடு பழகிப்போவது எவ்வளவு பெரிய விஷயம்! முப்பது பெயர் மனப்பாடமாகத் தெரிவதைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் சிறந்தது காலடி விளையாட்டு, செலவே இல்லாதது. ஈர மணலில் ஒருவரை மெல்ல நடக்கச் சொல்லுங்கள், பிறகு ஓடச் சொல்லுங்கள், மற்றவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். வந்து பார்த்து எது நடந்த தடம், எது ஓடிய தடம் என்று சொல்ல வேண்டும். ஓடும்போது தடங்களுக்கு நடுவே இடைவெளி கூடுகிறது என்பதை ஒருவரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவார்கள். மெக்நீல் அலெக்சாண்டர் என்ற விலங்கியல் அறிஞர் 1976-இல் டைனோசர்களின் வேகத்தைக் கணக்கிட்டதும் இதே இடைவெளியை வைத்துத்தான். இன்னொன்று, இடுப்பில் ஒரு துணியை வாலாகக் கட்டி, அது தரையில் உரசும்படி நடக்கச் சொல்லுங்கள். மணலில் ஒரு கோடு விழும். டைனோசர் தடங்களில் அப்படிப்பட்ட வால் கோடு மிக அரிதாகவே தெரிகிறது. அப்படியென்றால் வால் எங்கே இருந்திருக்கும்? பிள்ளைகள் யோசித்து, தூக்கிக்கொண்டு நடந்திருக்கும் என்று சொல்கிற அந்த நிமிடத்துக்காகவே இதைச் செய்யலாம். பழைய படங்களில் வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு நிற்கும் டைனோசர்களைப் பார்த்தால் இனி அவர்களே தப்பு என்பார்கள்.

நடையிலேயே இன்னொரு விளையாட்டும் இருக்கிறது. பல்லிபோல் கைகால்களைப் பக்கவாட்டில் விரித்துத் தவழச் சொல்லுங்கள், பிறகு காலை உடம்புக்கு நேர் கீழே வைத்து நடக்கச் சொல்லுங்கள். டைனோசர்களின் கால் இரண்டாவது வகை. பொம்மைப் பெட்டிகளில் பறக்கும் டெரோசாரையும் கடலில் நீந்திய இக்தியோசாரையும் சேர்த்துப் போட்டு எல்லாவற்றுக்கும் டைனோசர் என்று பெயர் ஒட்டிவிடுகிறார்கள். அவை வேறு கூட்டம். பேரனிடம் பொம்மைகளைக் கொட்டிக் கொடுத்து, எது டைனோசர், எது இல்லை என்று பிரிக்கச் சொன்னால் ஒரு மதியம் முழுக்க ஓடிவிடும்.

சாணத்தை மறந்துவிடாதீர்கள், இந்த வயதில் அதைவிட ஆர்வமான பொருள் கிடையாது. கனடாவில் கிடைத்த 44 செ.மீ. நீளமுள்ள கல்லான சாணம் ஒன்றுக்குள் நொறுங்கிய எலும்புத் துண்டுகள் இருந்தன, டைரனோசாரஸ் போட்டதாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். களிமண்ணில் இரண்டு உருண்டை பிடித்து, ஒன்றில் இலைத் துணுக்கும் விதையும், இன்னொன்றில் உடைத்த சிப்பித் துண்டும் வைத்துக் காயவிடுங்கள். உடைத்துப் பார்த்து, போட்டது தாவரம் தின்னியா, மாமிசம் தின்னியா என்று தீர்ப்புச் சொல்லட்டும். சிரித்துக்கொண்டேதான் செய்வார்கள், செய்யட்டும்.

எலும்பு எப்படிக் கல்லாகிறது என்பதற்கு ஒரு பழைய பஞ்சு போதும். பாத்திரம் தேய்க்கும் பஞ்சை எலும்பு வடிவில் வெட்டி, உப்பு கரையும் மட்டும் கரைத்த வெந்நீர் ஆறியதும் அதில் ஊறவைத்து, சில நாள் வெயிலில் காயவிடுங்கள். தண்ணீர் போய்விடும், உப்பு ஓட்டைகளில் தங்கி இறுகும், பஞ்சு விறைத்துவிடும். மண்ணுக்கடியில் எலும்பின் நுண்ணிய துளைகளில் தாதுக்கள் போய்ப் படிவதும் இந்த வழியில்தான், அங்கே ஆண்டுகள் கணக்கில்லாமல் ஆகும். களிமண்ணில் சிப்பியை அழுத்தி அச்செடுத்துப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றும் விளையாட்டும் நல்லதுதான், ஆனால் பிளாஸ்டரை நீங்களே கலக்குங்கள். இறுகும்போது நன்றாகச் சூடேறும், பிள்ளைகள் கையை அதற்குள் வைத்து அச்செடுக்க மட்டும் ஒருபோதும் விடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

சரி, நீங்கள் டைனோசரைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு வருவோம். ஐந்து வயதில் கோடி என்று சொன்னால் ஒன்றும் புரியாது, தாத்தாவின் சின்ன வயதும் டைனோசர் காலமும் அவனுக்கு ஒரே 'அப்போ'தான். அதனால் காலத்தை நடந்து காட்டுங்கள். தரையில் நீளமாக ஒரு கோடு போட்டு, ஓர் அடிக்கு ஒரு கோடி ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் பேரன் நிற்கட்டும், அதுதான் இன்று. ஏறக்குறைய ஆறே முக்கால் அடியில் டைரனோசாரஸ் பொம்மை. பதினைந்தாம் அடியில் ஸ்டெகோசாரஸ். முதல் டைனோசர்கள் இருபத்து மூன்றாம் அடிவாக்கில். இப்போது பேத்தியிடம் கேளுங்கள், டைரனோசாரஸுக்கு யார் கிட்டே, ஸ்டெகோசாரஸா நாமா? நாம்தான். டேப்லெட்டில் இரண்டும் சண்டை போடுகின்றனவே, அவை ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது! நம்மைப் போன்ற மனிதர்கள் வந்து சுமார் மூன்று லட்சம் ஆண்டுதான் ஆகிறது, இந்தக் கோட்டில் அது ஒரு செ.மீ.கூட வராது. பேரனின் சுண்டுவிரலை அங்கே வைத்து, "தாத்தா, அவருடைய தாத்தா, ராஜாக்கள் எல்லாரும் இதற்குள்ளேதான்" என்று சொல்லுங்கள். ஒரே நாளில் பிடிபடாது, ஆகவே கோட்டை அழிக்காமல் விட்டுவைத்து அவ்வப்போது பொம்மைகளைக் கலைத்துவிட்டு மறுபடி அடுக்கச் சொல்லுங்கள்.

டேப்லெட்டைப் பிடுங்க வேண்டாம், பிடுங்கினால் வீட்டில் ரகளைதான் மிஞ்சும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். "இது பச்சை நிறம் என்று எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். பெரும்பாலான டைனோசர்களின் நிறம் நமக்குத் தெரியாது, வரைந்தவரின் கற்பனைதான். சிலவற்றுக்கு மட்டும் தெரியும்: சீனாவில் கிடைத்த சைனோசாராப்டெரிக்ஸின் இறகுப் படிவத்தில் நிறமி இருந்த நுண்ணிய பைகளைப் பார்த்து, அதன் வாலில் செம்பழுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் இருந்தன என்று 2010-இல் சொன்னார்கள். மற்றதற்கெல்லாம் பேரன் ஊதாவோ மஞ்சளோ தாராளமாகத் தீட்டிக்கொள்ளலாம். ஒரு செயலி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அடித்து வீழ்த்துவதற்குப் புள்ளி தருவதை விட்டுவிட்டு, எதையாவது பார்த்து ஊகிக்கச் சொல்வதாகத் தேடுங்கள்.

பேத்தியின் பயத்தைச் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். ஏழு வயதில்தான் சாவு என்றால் என்ன என்று மெல்லப் புரிய ஆரம்பிக்கிறது, அதனால் 'அதெல்லாம் ஒன்றுமில்லை, தூங்கு' என்பது அவளுக்குப் போதாது. அவளுக்கும் அதே கேள்விதான் மருந்து. மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் சுமார் 180 கி.மீ. அகலத்தில் ஒரு பள்ளம் மண்ணுக்கடியில் புதைந்து கிடக்கிறது, 6.6 கோடி ஆண்டுக்கு முன் சுமார் 10 கி.மீ. அகலமுள்ள கல் விழுந்த இடம் அது என்று பகலில், வெளிச்சத்தில், வரைபடத்தை விரித்து வைத்துக் காட்டுங்கள். ஒரு தட்டு மாவில் கோலிக்குண்டைப் போட்டு அவளே பள்ளம் செய்து பார்க்கட்டும், உயரத்தை மாற்றிப் போட்டுப் பார்க்கட்டும். முக்கியமாக, எல்லாம் செத்துப்போன கதையைத் திருத்துங்கள், அது உண்மையில்லை. ஆமை பிழைத்தது, முதலைக் கூட்டம் பிழைத்தது, எலி அளவில் இருந்த நம் பாலூட்டி மூதாதைகள் பிழைத்தன. டைனோசர்களிலேயே ஒரு கிளை பிழைத்து இன்று பறவைகளாக இருக்கிறது. ஜன்னலில் வந்து உட்காரும் காக்கையின் காலையும் நடையையும் இருவரும் பார்த்து வரையட்டும்.

மறுபடி விழுமா என்று கேட்டால், வானத்தில் சிறுகோள்களைத் தேடிக் கணக்கெடுப்பதையே வேலையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றும், அவ்வளவு பெரிய கல் எதுவும் அடுத்த நூறு ஆண்டுகளில் பூமியில் மோதும் பாதையில் இருப்பதாகத் தெரியவில்லை என்றும் சொல்லுங்கள். டைனோசர்களிடம் தொலைநோக்கி இல்லை, நம்மிடம் இருக்கிறது. அதோடு 2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் விண்கலம், நமக்கு எந்த ஆபத்தும் தராத டைமார்ஃபஸ் என்ற சிறுகோளில் வேண்டுமென்றே போய் மோதி, அது சுற்றும் பாதையை மாற்றிக் காட்டியது. ஒரு கோலி உருண்டு வர, இன்னொரு கோலியால் பக்கவாட்டில் தட்டி அதை விலக்கும் விளையாட்டை அவளோடு ஆடுங்கள், எவ்வளவு முன்கூட்டியே தட்டுகிறோமோ அவ்வளவு மெல்லத் தட்டினால் போதும் என்று அவளே கவனிப்பாள். இதையெல்லாம் தூங்கப் போகும் நேரத்தில் எடுக்காதீர்கள். ராத்திரியில் கேட்டால், "நாளைக்குக் காலையில் கோலி எடுத்துப் பார்ப்போம்" என்று சொல்லிப் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் பயம் குறையவே இல்லை, தூக்கம் கெடுகிறது என்றால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.