நைஜீரியாவிலிருந்து வந்தவருக்குக் குளிர்காய்ச்சல்

கேள்வி: என் கணவர் நைஜீரியாவில் வேலை பார்க்கிறார். விடுப்பில் மன்னார்குடி வந்து 12 நாளாகிறது. நான்கு நாளாக விட்டுவிட்டுக் காய்ச்சலும் நடுக்கமும். வைடால் பரிசோதனை பார்த்து டைபாய்டு என்றார்கள். மலேரியா அட்டைச் சோதனையில் ஒன்றுமில்லை. மாத்திரைக்கும் அடங்கவில்லை. பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: இது மலேரியாவாக இருக்கலாம். இன்றே அவரைத் திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். அங்கே காய்ச்சலைச் சொல்வதற்கு முன்பே, எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதைச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் டெல்டாவில் காய்ச்சல் என்றால் டெங்கு, எலிக்காய்ச்சல் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். டெங்குவைப் போலவே மலேரியாவிலும் ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) குறையும். வைடாலும் பொய்யாக 'பாசிட்டிவ்' காட்டும்.

ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை மலேரியாதான். கொசு கடித்து 7 முதல் 30 நாளுக்குள் காய்ச்சல் தலைகாட்டும். உங்கள் கணவரின் கணக்கு அதில் சரியாகப் பொருந்துகிறது. அட்டையை முழுசாக நம்பவேண்டாம். ஃபால்சிபாரத்துக்குப் பெரும்பாலான அட்டைகள் கிருமியின் ஒரு புரதத்தைத்தான் தேடுகின்றன. அந்தப் புரதமே இல்லாத கிருமிகள் ஆப்பிரிக்காவில் உண்டு. விரல்நுனி ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடிமனாக ஒன்றும் மெல்லியதாக ஒன்றும் தடவி, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை இல்லையென்றால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மொத்தம் மூன்று முறை பார்க்கவேண்டும். உளறல், மூச்சுத்திணறல், மஞ்சள் கண், கறுத்த சிறுநீர் இருந்தால் ஊசி மருந்து உடனே தேவை. ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

மலேரியா உறுதியானால் ஆர்ட்டிமிசினின் கூட்டுமருந்து மூன்று நாள். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும், மாத்திரையும் அலமாரிக்குப் போய்விடும். அப்படி விடக்கூடாது. கூடவே ஒரே ஒரு வேளைக்கு மட்டும் பிரைமாகுவின் மாத்திரை தருவார்கள். கொசுவுக்குப் போய்ச்சேரும் கிருமியை அழிப்பது அதுதான்.

தொட்டாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ பிள்ளைகளுக்கு வராது. நடுவே கொசு வேண்டும். மலேரியா பரப்பும் அனாபிலிஸ் நம் ஊரிலும் இருக்கிறது. மாடித்தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும், இருட்டிய பிறகு கடிக்கும். சிகிச்சை முடியும்வரை அவர் வலைக்குள் தூங்கட்டும். தொட்டிக்கு இடைவெளியில்லாத மூடி போடுங்கள், வாரம் ஒருமுறை காலிசெய்து தேய்த்துக் கழுவுங்கள். கிணற்றில் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடலாம். அடுத்த ஒரு மாதத்தில் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ரத்தத்தடவல் எடுத்துவிடுங்கள்.

திரும்பிப் போகும்போது தடுப்பு மாத்திரை கேட்டு வாங்கச் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் என்றால் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, தினம் 100 மில்லிகிராம். திருச்சியில் விமானம் இறங்கியதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமி பிறகுதான் ரத்தத்துக்கு வரும். அதனால் ஊர் வந்தபின்னும் நான்கு வாரம் போடவேண்டும்.