யாருடைய சாம்பலும் இல்லை

அன்புள்ள ஐயா,

டொரன்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தில் மெக்சிகோவின் சபோடெக் மக்களுடைய ஈமத்தாழி ஒன்றைப் பார்த்தேன். சப்பணமிட்டு அமர்ந்த உருவம், பிளவுபட்ட நாக்கு, பெரிய தலையணி. அதில் யாருடைய சாம்பலை வைத்திருப்பார்கள்? அதை மெக்சிகோவுக்குத் திருப்பித் தர வேண்டாமா?

மீனா

அன்புள்ள மீனா,

யாருடைய சாம்பலும் இல்லை. சபோடெக் பெருமக்களை எரிக்கவில்லை, கல்லறையில் கிடத்தினார்கள். பிற்காலத்தவர் 'அஸ்திக் கலசம்' என்று பெயரிட்டார்கள், அது ஒட்டிக்கொண்டது. தோண்டியெடுத்தபோது பெரும்பாலானவை வெறுமையாகவே இருந்தன. அந்த நாக்கு மழைக்கும் மின்னலுக்கும் உரிய தெய்வமான கொசிஹோவுடையது.

திருப்பித் தரலாம், தர வேண்டும். ஆனால் எந்தக் கல்லறையிலிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லையே! இவ்வளவு அக்கறையாகப் பார்த்தவர் இதை விட்டுவிட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அருங்காட்சியகத்தில் இப்படியொரு உருவத்தின் முன் நெடுநேரம் நின்றேன். சாம்பல் நிறக் களிமண், முழங்காலில் ஊன்றிய கைகள், காதில் வட்டமான குண்டலங்கள். பக்கவாட்டில் போய்ப் பார்த்தேன். அத்தனை அலங்காரத்துக்கும் பின்னால் ஒரு சாதாரணக் குழாய் வடிவப் பானை. பெயர்ப்பலகையில் 'ஒஹாக்கா' என்ற ஒரே சொல். ஒரு மாநிலத்தின் பெயரை எழுதிவைத்துவிட்டுப் பிறந்த இடம் சொல்லிவிட்டோம் என்று நினைக்கிறார்கள்! அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மெக்சிகோவின் தொல்லியலாளர் அல்ஃபோன்சோ காசோ 1931இல், ஒஹாக்காவில் உள்ள பழைய சபோடெக் நகரமான மோன்டே அல்பானில் அகழாய்வு தொடங்கினார். அங்கே 104ஆம் கல்லறையில், வாசலுக்கு மேலிருந்த மாடத்திலேயே ஓர் உருவம் கிடைத்தது. வாசலில் இருந்தது என்பதால்தான் அது உள்ளே கிடந்தவரோடும் சுவர் ஓவியங்களோடும் சேர்ந்து பேசுகிறது. பெயர்த்தெடுத்து விற்றிருந்தால் அழகான பானை மட்டுமே மிஞ்சியிருக்கும்.

டொரன்டோவில் உள்ளவற்றில் பல, ஒஹாக்காவில் பிரிட்டனின் துணைத் தூதராக இருந்த கான்ஸ்டன்டைன் ரிக்கார்ட்ஸ் சேர்த்தவை. இவரைப் போன்றவர்கள் கேட்டுக் கேட்டு வாங்கியதால் ஊரில் இரண்டு தொழில்கள் வளர்ந்தன: கல்லறையைத் தோண்டுவது, புதிதாகச் செய்து பழையது என்று விற்பது. வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த குயவரை நான் குறை சொல்ல மாட்டேன். வாங்கியவர் எங்கே கிடைத்தது என்று எழுதிவைக்காததைத்தான் பொறுக்க முடியவில்லை. சுட்ட மண் ஆண்டாண்டாகக் கதிர்வீச்சின் ஆற்றலைச் சேமித்துவைக்கும். மறுபடி சூடாக்கினால் அதை ஒளியாக வெளியிடும். ஒளி குறைந்தால் வயது குறைவு. தெர்மோலுமினசென்ஸ் எனும் இந்தச் சோதனை வந்தபோது, பெரிய அருங்காட்சியகங்கள் பெருமையாக வைத்திருந்த உருவங்கள் பல அண்மைக் காலத்தவை என்று தெரிந்தது. ஆனால் உண்மையானது என்று உறுதியான பானையிடம்கூட அந்தச் சோதனை வயதைத்தான் கேட்க முடியும். எந்த மாடத்தில், எந்தத் திசை பார்த்து, யாருக்குத் துணையாக அமர்ந்திருந்தது என்பது தோண்டியவனோடு போய்விட்டது.

அடுத்த முறை போகும்போது பக்கவாட்டில் நின்று அந்தப் பானையைப் பாருங்கள். பலகையில் கல்லறை எண் இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள், அம்மா. காத்திருக்கிறேன்.