அந்தக் குழாய்க்குள் மறுபடி போக வேண்டுமா?

கேள்வி: எனக்கு 44 வயது. மூன்று மாதமாகத் தலைவலி, கூடவே இடது காதில் மட்டும் ஓயாத இரைச்சல். டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். படுத்ததும் முகத்துக்கு மேலே கூண்டு மாதிரி ஒன்றை மாட்டினார்கள். மேசை உள்ளே நகர்ந்த கொஞ்ச நேரத்தில் மூச்சே நின்றுவிடும் போல ஆகிவிட்டது. கத்திவிட்டேன். வெளியே இழுத்துவிட்டார்கள். "சின்னக் குழந்தைங்ககூட படுத்துக்குது, உங்களுக்கு என்னம்மா?" என்று கேட்டார் அங்கே இருந்தவர். வீட்டிலும் அதே பேச்சுதான். நான் லிஃப்டில் தனியாகப் போகவே தயங்குகிறவள். இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். நினைத்தாலே உள்ளங்கை வியர்க்கிறது. ஸ்கேன் எடுக்காமலே விட்டுவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விட்டுவிடாதீர்கள். ஒரு காதில் மட்டும் இரைச்சல் இருந்தால் அது ஏன் என்று பார்த்துவிடுவதுதான் நல்லது. பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இருக்காது. ஆனால் காது நரம்பையும் அதைச் சுற்றியுள்ள இடத்தையும் எம்.ஆர்.ஐ. காட்டுகிற அளவுக்கு வேறு ஸ்கேன் காட்டாது. உங்கள் டாக்டர் காரணத்தோடுதான் கேட்டிருக்கிறார்.

அடுத்தது அந்த "சின்னக் குழந்தைங்ககூட". அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. சின்னக் குழந்தைகள் பலருக்கு மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்துத்தான் எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். வீட்டில் இனி யாராவது அப்படிச் சொன்னால் இதைச் சொல்லுங்கள். நீங்கள் செய்ததில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

அன்றைக்கு நடந்தது இதுதான். அடைபட்டுவிட்டோம் என்று மூளை முடிவு செய்ததும் அட்ரினலின் பாய்கிறது. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது. அளவுக்கு மீறி வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலை சுற்றும், விரல் நுனி மரத்துப் போகும், மூச்சு போதவில்லை என்றும் தோன்றும். அதனால் இன்னும் வேகமாக இழுப்போம், இன்னும் மோசமாகும். உண்மையில் அங்கே காற்றுக்குக் குறைவே கிடையாது. குழாயின் இரண்டு பக்கமும் திறந்துதான் இருக்கிறது, பெரும்பாலான மெஷின்களில் உள்ளே விளக்கும் காற்று வீச விசிறியும் உண்டு. இந்தப் பதற்ற அலையும் ஏறிக்கொண்டே போகாது. பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, தானாக இறங்கத் தொடங்கும். நீங்கள் உச்சத்தில் வெளியே வந்துவிட்டதால், "வெளியே வந்ததால்தான் பிழைத்தோம்" என்று உடம்பு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. இந்த இரண்டு வாரத்தில் அந்தக் கணக்கைத்தான் மாற்ற வேண்டும்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன் கழுத்து வலிக்காகப் போய், முதல் தடவை பாதியில் எழுந்து வந்தேன். இரண்டாவது தடவை இருந்த டெக்னீஷியன் ஒரு பெண். என் கையில் அந்த ரப்பர் பந்தைக் கொடுத்து, "இப்பவே ஒரு தடவை அழுத்திப் பாருங்க" என்றார். அழுத்தினேன். அடுத்த அறையில் மணி அடித்தது எனக்கே கேட்டது. "இது கேட்டா உடனே வந்துடுவேன்" என்றார், அவ்வளவுதான். முப்பது நிமிடமும் அந்தப் பந்து என் உள்ளங்கைச் சூட்டில் இருந்தது. ஒரு தடவைகூட அழுத்தவில்லை. இடம் குறுகலாக இருப்பதைவிட, நினைத்தபோது வெளியே வர முடியாது என்ற எண்ணம்தான் நம்மை அதிகம் ஆட்டிவைக்கிறது. வெளியே வருகிற வழியை முதலில் உறுதி செய்துகொண்டால், உள்ளே இருக்க முடியும்.

அதனால் இந்த வாரமே ஸ்கேன் மையத்துக்குப் போன் செய்யுங்கள். "எனக்கு மூடிய இடம் என்றால் பயம், போன தடவை பாதியில் வந்துவிட்டேன்" என்று நேராகச் சொல்லுங்கள். அவர்களுக்கு இது புதிதில்லை. மெஷினின் வாய் எவ்வளவு அகலம் என்று கேளுங்கள். பழைய வகை 60 சென்டிமீட்டர், அகலமான வகை 70 சென்டிமீட்டர். பத்து சென்டிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம், படுத்தால் தோளுக்குத் தெரியும். பக்கங்கள் திறந்த மெஷின்களும் உண்டு, ஆனால் அவற்றின் காந்த சக்தி பொதுவாகக் குறைவு. காது நரம்பு மாதிரி நுணுக்கமான இடத்துக்கு அந்தப் படம் போதுமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

உங்களைக் கத்த வைத்தது அந்தக் கூண்டுதான் என்று நினைக்கிறேன். அதைப் பற்றி முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய குறை. அது ஒரு ஆன்டெனா. தலையிலிருந்து வருகிற மிக மெல்லிய ரேடியோ சிக்னலைப் பிடிப்பதற்காகத்தான் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வைக்கிறார்கள். நொடியில் கழற்றிவிடலாம். படுப்பதற்கு முன் அதை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். படுத்த பிறகு ஒரு தடவை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டச் சொல்லுங்கள். பல கூண்டுகளில் ஒரு சின்னக் கண்ணாடி பொருத்த முடியும். அதில் உங்கள் கால் விரலும், அறையும், சில சமயம் டெக்னீஷியன் உட்கார்ந்திருக்கும் ஜன்னலும் தெரியும். சிலருக்கு அது பெரிய ஆறுதல். என்னைக் கேட்டால், கூண்டை மாட்டுவதற்கு முன்பே கண்ணை மூடி, மேலே ஒரு துணியையும் போட்டுக்கொண்டு, வெளியே வரும்வரை திறக்காமல் இருப்பதே மேல். முதல் தடவை நான் பாதியில் கண்ணைத் திறந்தேன். மூக்குக்கு மேலேயே வெள்ளைச் சுவர். அதோடு சரி, எழுந்துவிட்டேன்.

சத்தம் அடுத்த பிரச்சினை. பலமான காந்தப் புலத்துக்குள் இருக்கும் கம்பிச் சுருள்களில் மின்சாரம் மாறி மாறிப் பாயும்போது அவை அதிர்கின்றன. அந்த அதிர்வுதான் தட்டுகிற மாதிரியும் துளைக்கிற மாதிரியும் கேட்கிறது. சத்தம் வந்தால் மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். காதடைப்பான், ஹெட்போன் இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஸ்கேன் என்பது ஒரே நீட்டாக நடப்பதில்லை. சில நிமிடங்கள் கொண்ட பல துண்டுகளாக எடுப்பார்கள். "அடுத்தது நாலு நிமிஷம்" என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் மைக்கில் சொல்லச் சொல்லுங்கள். நாலு நிமிடத்தை யாராலும் தாண்ட முடியும். 1977-ல் மனித உடலை முதன்முதலாக இப்படிப் படம் பிடித்தபோது ஒரே ஒரு படத்துக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடித்ததாம். இன்று முழுத் தலையும் அரை மணி, முக்கால் மணிக்குள் முடிந்துவிடுகிறது.

வீட்டில் தினமும் ஒத்திகை பாருங்கள். தரையில் மல்லாந்து படுத்து, கையை உடம்போடு ஒட்டி வைத்து, கண்மேல் துணி போட்டு, போனில் எம்.ஆர்.ஐ. சத்தத்தைத் தேடி ஓட விடுங்கள். முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். மெல்ல இருபது, முப்பது என்று கூட்டுங்கள். மூக்கு அரிக்கும், சொறியாதீர்கள், கொஞ்ச நேரத்தில் போய்விடும். மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். விடுகிற மூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம். மனதுக்கும் ஒரு வேலை வேண்டும். சிறு வயதில் இருந்த வீட்டின் வாசலில் தொடங்கி, ஒவ்வொரு அறையாக, எந்த ஆணியில் என்ன மாட்டியிருந்தது என்பதுவரை நினைத்துக்கொண்டே நடந்து போங்கள். அரை மணி நேரம் போவதே தெரியாது.

இதெல்லாம் போதாது என்று தோன்றினால், பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரையை ஸ்கேனுக்கு முன் தரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இது ஒன்றும் தோல்வி இல்லை. ஆனால் வேறு யாரிடமாவது இருக்கிற மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், தூக்கத்தில் மூச்சுத் திணறல் உண்டா என்பதையெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டும். அன்று துணைக்கு ஆள் வேண்டும், வண்டி ஓட்டக் கூடாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சில சமயம் நடுவில் மேசையை வெளியே இழுத்து, கையில் ஊசி வழியாக மருந்து செலுத்தி, மறுபடி உள்ளே அனுப்புவார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்துவிடாதீர்கள், தலை அசையக் கூடாது. உங்களுக்கு ஊசி உண்டா என்று முன்பே கேட்டு வைத்தால் இந்த ஏமாற்றம் இருக்காது. அப்புறம், மிக முக்கியமான படங்களை முதலில் எடுத்துவிடச் சொல்லுங்கள். நடுவில் முடியாமல் போனாலும் அதுவரை எடுத்த படங்கள் வீணாகாது.

லிஃப்ட் பயத்தையும் சேர்த்துச் சரிசெய்ய முடியும். ஸ்கேன் முடிந்த பிறகு ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள், படிப்படியாகப் பழக்கிச் சரிசெய்கிற பயத்தில் இதுவும் ஒன்று. இப்போதைக்கு ஸ்கேனை மட்டும் பார்ப்போம்.

உங்களைக் கேலி பேசாத ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். உலோகம் எதுவும் இல்லை என்று சோதித்த பிறகு, பல இடங்களில் துணைக்கு வந்தவரையும் அறைக்குள் விடுகிறார்கள். கேட்டுப் பாருங்கள். அவருக்கும் காதடைப்பான் வேண்டும். தலைக்கு ஸ்கேன் எடுக்கும்போது கால் வெளியேதான் இருக்கும். உங்கள் கணுக்காலை அவர் பிடித்துக்கொள்ளட்டும்.