ஊதாக் காலணி: பேரரசர் இரண்டாம் பாசில் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: பாசிலைக் கிரேக்கர் என்பதா, ரோமர் என்பதா?

பதில்: அவரிடமே கேட்டிருந்தால் 'ரோமர்களின் பேரரசன்' என்றிருப்பார். பேசியது கிரேக்கம், தலைநகரம் கான்ஸ்டாண்டிநோபிள், இன்றைய இஸ்தான்புல். 'பைசாந்தியம்' என்பது அவர் ஆண்ட கிழக்கு ரோமப் பேரரசு அழிந்த பிறகு அதற்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

கேள்வி: சிறுவயதிலேயே முடிசூடியவர் என்கிறார்களே, பிறகு ஏன் அத்தனை காலம் பேரே அடிபடவில்லை?

பதில்: 958இல் பிறந்தவர். 960இல் தலையில் கிரீடம் வைத்தார்கள், 963இல் தந்தை இறந்தார். அடுத்த 13 ஆண்டுகள் படைத்தலைவர்கள் இருவர் ஒருவர்பின் ஒருவராக அரியணையில் அமர்ந்துகொண்டார்கள். 976இல் இவர் முறை வந்தபோதும் சாவிக்கொத்து உறவினரான அரண்மனை அதிகாரி ஒருவரின் இடுப்பில்தான் இருந்தது. 985இல் அவரைப் பதவி பறித்து வெளியேற்றினார். மறு ஆண்டே பல்கேரியாமீது படையெடுத்து, திராயன் வாயில் கணவாயில் படையைப் பறிகொடுத்துவிட்டு உயிர் தப்பினார்.

கேள்வி: பெருநிலக்காரர்கள்மேல் அவருக்கு அப்படி என்ன பகை, ஐயா?

பதில்: நான் எதிர்பார்த்த கேள்வி. ஸ்க்லேரோஸ், போக்காஸ் என்ற இரண்டு குடும்பங்கள், சின்ன ஆசியாவில் (இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி) கண்ணுக்கெட்டிய தூரம் நிலம் வைத்திருந்தவை, மாறி மாறிக் கலகம் செய்தன. பர்தாஸ் போக்காஸ் தலைநகருக்கு எதிர்க்கரை வரை வந்துவிட்டார். கீவ் மன்னர் விளாதிமிர் அனுப்பிய 6,000 வீரர்கள்தான் காப்பாற்றினார்கள். அதற்கு விலை: தங்கை அன்னாவைத் திருமணம் செய்து கொடுத்தது. விளாதிமிர் கிறிஸ்தவரானார். 989இல் அபிதோஸ் போர்க்களத்தில் போக்காஸ் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார்.

பர்தாஸ் ஸ்க்லேரோஸ் பிறகு சரணடைந்தார். பார்வை மங்கிய கிழவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். "நான் பயந்த மனிதரைப் பாருங்கள், பிறர் தாங்கி வருகிறார்கள்" என்றாராம் பாசில். ஆனால் கிழவர் காலில் இன்னும் ஊதாக் காலணி, பேரரசர் மட்டுமே அணியத்தக்கது. பாசில் கண்களை மூடிக்கொண்டார். அதைக் கழற்றும் வரை திறக்கவில்லை. வரலாற்றாசிரியர் செல்லோஸ் சொல்லும் இந்தக் காட்சியில் முழு பாசிலும் இருக்கிறார்.

இன்னொன்று: சின்ன ஆசியாவின் கப்பதோக்கியாவில் மலெய்னோஸ் என்ற நிலக்கிழார் அரசரையும் முழுப் படையையும் தன் செலவிலேயே விருந்தோம்பினார். பாவம், காட்டக்கூடாத செல்வத்தைக் காட்டிவிட்டார். பாசில் அவரைத் தலைநகருக்குக் கூட்டிச்சென்று அங்கேயே வைத்துக்கொண்டார். சொத்து கருவூலத்துக்குப் போனது. 996இல் சட்டமே வந்தது: 40 ஆண்டு கையில் வைத்திருந்ததால் எங்களுக்கே உரிமை என்று காட்டி, குடியானவர்களிடம் வளைத்த நிலத்தைப் பெரியவர்கள் இனி வைத்துக்கொள்ள முடியாது. பிறகு, ஏழை கட்டாத வரியைப் பக்கத்து நிலக்காரர் கட்ட வேண்டும் என்றும் ஆணையிட்டார். ஏழைமேல் இரக்கமா? கொஞ்சம் இருக்கலாம். படைக்கு ஆளும் வரியும் கொடுத்தது குடியானவன் என்பதே பெரிய காரணம் என்பேன்.

கேள்வி: 15,000 பேரின் கண்ணைப் பிடுங்கினாரா?

பதில்: 1014 ஜூலை 29, கிளைதியோன் கணவாய். பல்கேரியர் மரவேலியிட்டு வழியை அடைத்திருந்தார்கள். ஒரு தளபதி மலையைச் சுற்றிப்போய்ப் பின்னாலிருந்து தாக்கினார். பிடிபட்டவர்களைக் குருடாக்கி, நூற்றுக்கு ஒருவனுக்கு ஒற்றைக் கண் விட்டு, வழிகாட்டியாக அனுப்பினார் என்பது கதை. அதைப் பார்த்த பல்கேரிய மன்னர் சாமுவேல் மயங்கி விழுந்து அக்டோபரில் இறந்தார். குருடாக்கியதை நம்புகிறேன்; எண்ணிக்கையை நம்பவில்லை. அத்தனை வீரர்களை இழந்த நாடு 1018 வரை எப்படிப் போரிட்டது? வென்ற பிறகு பல்கேரியர்களிடம் பழைய வழக்கப்படி தானியமாகவே வரி வாங்கினார் என்பதை யாரும் சொல்வதில்லை.

கேள்வி: மணம் செய்துகொள்ளவில்லையா?

பதில்: இல்லை. வாரிசும் இல்லை. தம்பி எட்டாம் கான்ஸ்டன்டைன் அடுத்து வந்தார். அவரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

கேள்வி: ஆள் பார்க்க எப்படி?

பதில்: சராசரிக்கும் குறைந்த உயரம், நீலக் கண்கள். கோபம் வந்தாலும் யோசித்தாலும் தாடியை விரலில் சுருட்டுவார். பேச்சு படித்தவர் பேச்சாக இல்லை. நாட்டுப்புறத்தார்போல் வெட்டி வெட்டிப் பேசுவார். சிரித்தால் உடம்பு முழுவதும் குலுங்கும்.

கேள்வி: அவர் கல்லறையைப் பார்க்க முடியுமா?

பதில்: முடியாது. 1025 டிசம்பர் 15 அன்று, சிசிலிப் படையெடுப்புக்கு ஆயத்தம் நடக்கும்போதே இறந்தார். அரசர்களின் வழக்கமான இடத்தில் அல்ல, நகரச் சுவருக்கு வெளியே ஹெப்டோமோனில் அடக்கம் செய்யச் சொன்னார். 1204இல் சிலுவைப் போர்வீரர்கள் நகரைச் சூறையாடினார்கள். 1260இல் அங்கே வந்த பைசாந்தியப் படையினர் இடிந்த தேவாலயத்தின் மூலையில் ஒரு சடலம் நிற்கக் கண்டார்கள். யாரோ அதன் வாயில் இடையனின் குழல் ஒன்றைச் செருகியிருந்தார்கள். அருகிலிருந்த கல்லறை எழுத்தைப் படித்த பிறகுதான் அது பாசில் என்று தெரிந்தது.